இன்றைய செய்திகளில் நம்ம ஊர் எங்கே?

புதுக்கோட்டை மாவட்டத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,



காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிகிறது. குறள், பொருள், பழமொழி, பொது அறிவு எல்லாம் ஆனபின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முன்னால் வந்து "இன்றைய செய்திகள்" என்று தாளைப் பிரிக்கிறது. தாளில் இருப்பது முந்தின இரவு வாட்ஸ்அப் குழுவில் வந்த தொகுப்பு. அதே வரிகளை அதே நேரத்தில் கன்னியாகுமரியில் ஒரு பிள்ளையும் கிருஷ்ணகிரியில் ஒரு பிள்ளையும் வாசித்துக்கொண்டிருப்பார்கள். டெல்லி வரும், அமெரிக்கா வரும், கிரிக்கெட் வரும், தங்கம் விலை வரும். வாசிக்கிற பிள்ளை நிற்கும் ஊர் மட்டும் வராது.

ஜெகதாப்பட்டினத்தில் வெளிநாட்டு அதிபரின் பயணத்தை வாசிக்கிற பிள்ளைக்கு, கடலுக்குப் போன படகு எது, கரை திரும்பாத படகு எது என்று தெரியும். கீரமங்கலத்துப் பிள்ளைக்குக் காலையில் பூ என்ன விலைக்குப் போனது என்று தெரியும். விராலிமலைப் பக்கத்துப் பிள்ளைக்கு மயில் எந்த வயலில் இறங்கியது என்று தெரியும். இவையெல்லாம் வீட்டில் பேச்சு, பள்ளிக்கூடத்தில் செய்தி ஆகாது. செய்தி என்றால் தொலைவில் நடப்பது, பெரியவர்கள் செய்வது, யாரோ எழுதிக் கொடுப்பது என்ற பாடத்தை எந்தப் பாடநூலும் இல்லாமலே ஆறு வயதில் கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். தொடக்கப் பள்ளி வகுப்பறையில் தினமும் ஊர்ச் செய்தி எழுதப்பட வேண்டும். பிள்ளைகள் செய்யும் ஊர்த்தொண்டு அந்தச் செய்தியிலிருந்து முளைக்க வேண்டும். இப்போது இரண்டும் தனித்தனியே கிடக்கின்றன. செய்தி வழிபாட்டுக் கூட்டத்துக்கு. தொண்டு ஏதாவது ஒரு 'தின'த்துக்கு. பிரித்து வைத்ததால் இரண்டும் சடங்காகிவிட்டன.

இதை நம் மாவட்டத்தில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தில் அரிக்கேன் விளக்கடியில் வகுப்பெடுத்த தொண்டர்களில் நானும் ஒருவன். உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கமாட்டீர்கள். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது அந்த இயக்கம். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று கேட்டவர்கள் உண்டு. கற்க வந்தவர்களின் வாழ்க்கையில் எது தடை என்று பார்த்ததில் கிடைத்த விடை அது. வயலுக்கும் கல்குவாரிக்கும் நடந்தே போக வேண்டும், தண்ணீர்க் குடத்தைச் சுமந்தே வர வேண்டும், பக்கத்து ஊருக்குப் போக ஆண்துணைக்கும் பேருந்துக்கும் காத்திருக்க வேண்டும். 1992 மகளிர் நாளையொட்டி 1,500 பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் போனது. மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அந்தக் கட்டுரை இந்தியில் எட்டாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்று, வட இந்தியப் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றிப் படித்தார்கள்.

கல்குவாரிகளிலும் இதேதான் நடந்தது. கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தபோது கணக்கு வாசிப்பதும் கையெழுத்திடுவதும் அவர்களுக்கு அன்றாடத் தேவையாகின. ஊர் எதைக் கேட்கிறதோ அதிலிருந்து பாடம் தொடங்கினால் பாடம் நிலைக்கும் என்று முதியோர் கல்வியில் நிரூபித்துக் காட்டிய மாவட்டம் இது. அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு மரபும் நமக்கு உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்த ராயவரம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. நல்ல நூல்களை மலிவு விலையில் தந்த 'சக்தி' வை. கோவிந்தனும் அதே ஊர்க்காரர். 1950இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானபோது இருவரும் அதில் முன்னே நின்றார்கள். 1940களின் பிற்பகுதியிலும் 50களிலும் தமிழில் சிறுவர் பத்திரிகைகள் கொத்துக்கொத்தாக வெளிவந்த இடங்களில் புதுக்கோட்டையும் செட்டிநாடும் முக்கியமானவை. சின்ன அச்சகம், சின்னத் தாள், அரையணா ஓரணா விலை என்று பிள்ளைகளைத் தேடிப் போன பத்திரிகைகள் அவை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் பெரியவர்கள் எழுதினார்கள், பிள்ளைகள் படித்தார்கள். பிள்ளைகளே எழுத, ஊர் படிக்க வேண்டிய கட்டம் பாக்கி இருக்கிறது.

உலகத்தில் அந்தக் கட்டத்தை எட்டியவர்கள் உண்டு. பிரான்சின் தென்கோடியில் ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் 1924இல் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். முதல் உலகப் போரில் நுரையீரல் அடிபட்டு, நெடுநேரம் உரக்கப் பேச முடியாதவர் அவர். பிள்ளைகள் ஊருக்குள் நடந்து போய்ப் பார்த்தார்கள், வந்து பேசினார்கள், எழுதினார்கள், எழுத்தைக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்களை இன்னொரு பள்ளிக்கு அனுப்பி, அவர்கள் ஊர்ச் செய்தியை வாங்கிப் படித்தார்கள். 1926இல் போலந்தின் வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் தொடங்கிய பத்திரிகையில் பிள்ளைகளே செய்தியாளர்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்து அவர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. இத்தாலியின் பார்பியானா மலைக்கிராமத்துப் பிள்ளைகள் சேர்ந்து எழுதி 1967இல் வெளியான மடல், தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்ற பெயரில் நம் ஆசிரியர் வட்டங்களில் பலரும் படித்ததே. இந்த மூன்று இடங்களிலும் பணம் குறைவு. பிள்ளை எழுதுவதை ஊர் மதிக்கும் என்ற நம்பிக்கை மட்டும் குறையவில்லை.

நமக்கு அச்சு இயந்திரம்கூட வேண்டாம். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுவதும் வந்தபோது வகுப்பறைச் சுவர்களில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை அடித்தோம். பல பள்ளிகளில் அது இன்னும் இருக்கிறது. சில இடங்களில் அதன்மேல் வண்ணம் பூசிவிட்டார்கள். அப்போது பிள்ளைகளே தினமும் காலநிலை அட்டவணை குறித்தார்கள், தங்கள் வருகையைத் தாங்களே பதிந்தார்கள். அந்தப் பழக்கத்தின் நீட்சிதான் நான் கேட்பது. கீழ்மட்டக் கரும்பலகையில் மூன்றடி நீளத்தை ஒதுக்கி மேலே ஊரின் பெயரை எழுதுங்கள். அதுதான் பத்திரிகை.

இதற்கு விதிகள் மூன்று போதும். ஒன்று, பிள்ளை தன் கண்ணால் பார்த்ததாகவோ, நேரில் ஒருவரிடம் கேட்டதாகவோ இருக்க வேண்டும். "யாரோ சொன்னாங்க" செல்லாது. இரண்டு, எங்கே, எப்போது என்பது இருக்க வேண்டும். மூன்று, யாரையும் வையக் கூடாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படம் வரையட்டும், அண்ணனோ அக்காவோ கீழே ஒரு சொல் எழுதட்டும். மூன்றாம் வகுப்பு ஒரு வாக்கியம் எழுதட்டும். ஐந்தாம் வகுப்பு ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதட்டும். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்துச் சமாளிக்கிறவர்களுக்கு இந்தக் கலப்பு புதிதல்ல.

பொய்ச் செய்தி கைபேசியில் நொடிக்கொன்று வந்து விழும் காலத்தில் முதல் விதியின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "நீ பார்த்தியா, கேட்டியா, யாரைக் கேட்டே?" என்ற கேள்விக்கு எட்டு வயதில் பழகிய பிள்ளை, பதினெட்டு வயதில் கையில் வந்ததையெல்லாம் பத்துப் பேருக்குத் தள்ளிவிடாது.

எது செய்தி என்று நீங்கள் தேட வேண்டாம். தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறந்தால் தமிழ்நாட்டின் அந்த வருஷத்து ஜல்லிக்கட்டே தொடங்குகிறது. மாடு பிடிக்கிறவர்களைப் பற்றி ஊடகம் எழுதும், காளைக்கு வருஷம் முழுக்கத் தீவனம் வைத்த அத்தையைப் பற்றிப் பிள்ளை எழுதட்டும். பொற்பனைக்கோட்டையில் 2023இல் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியபோது குழிக்குள் மண் அள்ளியவர்களில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பள்ளிக்குள் அது எவ்வளவு தூரம் வந்தது? காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது நம் குன்னத்தூரில். வாய்க்கால் யார் வயல் வழியாகப் போகிறது என்பது அங்குள்ள பிள்ளைக்கு உயிர்ச்செய்தி. பெரிய செய்திகளுக்கு நடுவே சின்னச் செய்திகளும் வரட்டும். செல்வியின் ஆடு இரண்டு குட்டி போட்டது, கிழக்குத் தெருவில் புதுக் குழாய் வந்தது, தபால்காரருக்கு உடம்பு சரியில்லை, காலை உணவில் இன்று கிச்சடி. ஊர் என்பது இவையெல்லாம் சேர்ந்ததுதான்.

இனி தொண்டுக்கு வருகிறேன். மனத்தாங்கலோடுதான் வருகிறேன்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள். பள்ளி திறந்த கையோடு ஒரு கன்று, அதைச் சுற்றிப் பத்துக் கை, ஒரு புகைப்படம். நம் மாவட்டத்தின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. வெயில் கொளுத்தும் ஜூனில் நட்ட கன்றுக்கு நான்கு மாதம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதில் பிழைத்தாலும் அடுத்த கோடை விடுமுறையில் ஊற்ற ஆளில்லை. அடுத்த ஜூனில் அதே குழியில் இன்னொரு கன்று. உலகம் நாள் குறித்தது என்பதற்காக நாம் வெயிலில் நடுகிறோம். பிள்ளைகள் ஊர்ச் செய்தி எழுதுகிற வகுப்பில் இந்தக் கூத்து நடக்காது. ஏனென்றால் "போன வருஷம் நட்ட வேம்பு பட்டுப்போச்சு" என்று யாராவது ஒரு பிள்ளை பலகையில் எழுதிவிடும். ஏன் பட்டது என்ற கேள்வி வரும். தாத்தாவிடம் கேட்டால் எப்போது நட வேண்டும் என்று சொல்வார். தொண்டின் நாளைத் தாத்தாவும் மழையும் குறிப்பார்கள்.

பனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். அப்போது கொட்டை பொறுக்கி மழைக்கு முன்னால் கண்மாய்க் கரையில் ஊன்றினால் தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லை. வேர் முதலில் கீழே இறங்கும், ஓலை பல மாதம் கழித்தே தலைகாட்டும். அதற்குள் பிள்ளைகள் பொறுமையிழந்து தோண்டிப் பார்ப்பார்கள், அதுவும் செய்திதான். மாநில அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 2021இல் 76 லட்சம் பனை விதைகளை வழங்குவதாக அறிவித்தது. எத்தனை முளைத்தன என்று ஊர் ஊராக எண்ணிச் சொல்ல நம் பிள்ளைகளை விடத் தகுதியானவர் யார்? நடுவதைப் போல எண்ணுவதும் தொண்டு.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைப் புரட்டிப் போட்டது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, நெடுவாசல் பக்கமெல்லாம் தலைமுறைகள் வளர்த்த தென்னையும் பலாவும் ஒரே இரவில் சாய்ந்தன. அதே ஆண்டில், புயலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் சேந்தன்குடி மரம் தங்கசாமி மறைந்திருந்தார். விவசாயத்தில் கடன்பட்டு, மரம் வளர்ப்பில் மீண்டு, கிடைத்த மேடையிலெல்லாம் மரத்தைப் பற்றியே பேசியவர். புயலுக்குப் பின் அந்தப் பக்கத்து இளைஞர்கள் பலர் அரசை எதிர்பார்க்காமல் சொந்தப் பணத்திலும் நன்கொடையிலும் குளங்களைத் தூர்வாரினார்கள். இன்று ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்கள் அப்போது சின்னஞ்சிறு குழந்தைகள். எந்த மரம் புயலுக்குப் பின் நட்டது, எந்த மரம் புயலைத் தாங்கி நின்றது, எந்தக் குளத்தை யார் வெட்டினார்கள் என்று அவர்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதட்டும். எழுதி முடிக்கும்போது அடுத்து எங்கே கன்று வைக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

நீரிலும் அப்படித்தான். வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் இது. ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களும் ஊருணிகளும் மழைநீரைப் பிடித்து வைத்துதான் இங்கே ஊர் உண்டானது. கண்மாய்க்குள் நிற்கும் கல் குமிழிகளில் கல்வெட்டு இருக்கும் மாவட்டம். வரத்து வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, மடை எத்தனை, கலிங்கு எந்த ஆண்டு கடைசியாக வழிந்தது என்று பிள்ளைகள் கேட்டு எழுதி, ஒரு வரைபடம் போட்டால் சூழ்நிலையியல் பாடம் முடிந்தது. வாய்க்காலில் நெகிழிக் குப்பை அடைத்திருக்கிறது என்று பார்த்த பிள்ளைகள் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனால் அது தொண்டு. ஆழமான தண்ணீருக்கு அருகே பிள்ளைகளைத் தனியாக விட வேண்டாம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அறிவொளியில் கற்ற பாட்டிகளில் சிலருக்கு எழுத்து மறந்துபோயிருக்கும், சிலருக்குக் கண் மங்கியிருக்கும். வாரத்தில் ஒருநாள் ஒரு பிள்ளை ஒரு பாட்டிக்குச் செய்தித்தாளோ, வங்கியிலிருந்து வந்த கடிதமோ வாசித்துக்காட்டலாம். மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியைப் பார்த்துச் சொல்லலாம். காசு செலவில்லாத தொண்டு. பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சியும் ஆயிற்று. பாட்டி பதிலுக்கு ஒரு பழைய சேதி சொல்வார், மறுநாள் அது பலகையில் ஏறும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிள்ளைகளிடம் வேலை வாங்குவதற்குத் தொண்டு என்று பெயர் சூட்டக் கூடாது. 2022இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சமூகப் பிள்ளைகளைக் கழிப்பறை சுத்தம் செய்ய வைத்தார் என்ற குற்றச்சாட்டில் ஒரு தலைமையாசிரியர் கைதானதை நீங்கள் படித்திருப்பீர்கள். நம் பள்ளியில் அப்படியில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். விளக்குமாறு யார் கையில் போகிறது, தண்ணீர்க் குடத்தை எந்தப் பெண் குழந்தை தூக்குகிறது, மைக்கும் மாலையும் யார் பிள்ளைக்குப் போகின்றன என்று ஒரு மாதம் கவனியுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியரும் சேர்ந்து, விரும்பி, காரணம் தெரிந்து செய்தால்தான் அது தொண்டு. பஞ்சாயத்து ஆள் போட்டுச் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளைகள் செய்ய வேண்டாம். அந்த வேலை நடக்கவில்லை என்று எழுதினால் போதும்.

அதே கவனம் செய்திப் பலகைக்கும் வேண்டும். மாதக் கடைசியில் எந்தெந்தத் தெருச் செய்தி வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊருக்குள் இருக்கும் தெருக்கள் இருபது தடவையும் காலனி ஒரு தடவையும் வந்திருந்தால், பலகை ஊரின் பழைய எல்லைக்கோட்டையே திரும்ப வரைகிறது என்று பொருள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது, பிள்ளைகள் நோய்ப்பட்ட பிறகே வெளியே தெரிந்தது. நம் மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்க அந்தச் செய்தியால் பேசப்பட்டது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் எல்லாத் தெருத் தண்ணீரையும் பற்றி எழுதும் வகுப்பறை ஒன்று அந்தக் கொடுமையைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு தெருக்காரர் குடிக்கும் தண்ணீரும் என் செய்திதான் என்று ஆறு வயதிலிருந்து பழகுவதை விட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

பலகைக்கு வரக் கூடாத செய்தியும் உண்டு. அப்பா குடித்துவிட்டு வந்து அடித்தது, அக்காவுக்குச் சின்ன வயதில் கல்யாணப் பேச்சு, யாரோ தொட்டது - இவை பலகையில் ஏறினால் பிள்ளைக்குத்தான் துன்பம். "டீச்சரிடம் மட்டும்" என்று ஒரு வழியைத் திறந்து வையுங்கள். அப்படி வந்ததைப் பூட்டி வைக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கொண்டுபோவது உங்கள் கடமை. செய்தி எழுதப் பழகிய பிள்ளை சொல்லவும் துணியும்.

எழுதிய செய்திக்குப் பதில் வர வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் பலகை வெளுத்துவிடும். "தெற்குத் தெருவில் பள்ளிக்கு அடுத்த விளக்கு வியாழக்கிழமையிலிருந்து எரியவில்லை" என்று எழுதுவதில் யார் மேலும் பழி இல்லை. அதையே ஐம்பது பைசா அஞ்சலட்டையில் எழுதி ஊராட்சிக்கு அனுப்பலாம். விளக்கு எரிந்ததும் "இன்று எரிகிறது, நன்றி" என்று மறக்காமல் எழுத வேண்டும். இந்த இரண்டாவது வரிதான் ஊராட்சித் தலைவரையும் உங்கள் பக்கம் சேர்க்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். மாதக் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் அந்த மாதச் செய்தியை வாசிக்கட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். பக்கத்துக் கர்நாடகத்தில் குழந்தைகளுக்கென்றே கிராம சபை கூட்டுகிறார்கள். நாம் நம் கிராம சபையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இரண்டு நிமிடம் வாசிக்க இடம் கேட்கலாம்.

பள்ளிகளுக்குள்ளும் தபால் போகட்டும். கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைகள் படகையும் வலையையும் எழுதி விராலிமலைக்கு அனுப்ப, அங்கிருந்து மயிலும் கம்பெனிப் பேருந்தும் பதிலாக வரட்டும். ஒரே மாவட்டத்தில் இருந்துகொண்டு கடலைப் பார்க்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக் கல்வித் துறை 2022இலிருந்து 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களை நடத்துகிறது. பிள்ளை எழுதியதில் தேறியதை அவற்றுக்கும் அனுப்புங்கள்.

நேரம் ஏது என்று கேட்பீர்கள். எமிஸ் பதிவு, எண்ணும் எழுத்தும் மதிப்பீடு, பயிற்சிக் கூட்டம், பார்வைக்கு வரும் அதிகாரி - உங்கள் பாடு எனக்குப் புரிகிறது. இதைத் தனிப் பாடவேளையாக நான் கேட்கவில்லை. காலையில் பத்து நிமிடம், அதுவும் தமிழ்ப் பாடத்தின் பத்து நிமிடம். வாக்கியம் அமைத்தல், பிழை நீக்கல், எண்ணுதல், விலை ஒப்பிடுதல் எல்லாம் அதற்குள் நடந்துவிடும். சொல்வதற்கு ஒன்று இருக்கும்போதுதான் பிள்ளை எழுத்தைத் தேடும். அறிவொளி வகுப்பில் வயதானவர்களிடம் கண்டதும் இதுவே.

பிழை வரும். 'ழ'வும் 'ள'வும் மாறும். சிவப்பு மையால் பலகையை நிரப்பிவிட வேண்டாம். மறுநாள் அதே சொல்லை நீங்கள் சரியாக எழுதிக்காட்டினால் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மாலையில் பலகையை அழிக்கும் முன் அன்றைய வரிகளை ஒரு நோட்டில் ஏற்றுங்கள். தேதியும் எழுதிய பிள்ளையின் முதலெழுத்தும் போதும். திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நூல்களின் முதல் பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்த ஞானாலயா நூலகம் இருக்கிறது. அரசர்கள் கல்லில் எழுதியதையும் புலவர்கள் தாளில் எழுதியதையும் காப்பாற்றி வைத்திருக்கும் ஊர் நம்முடையது. கூலிவேலைக்காரர் வீட்டுப் பிள்ளை தன் தெருவைப் பற்றி எழுதிய பதிவு நம்மிடம் எங்கேயும் இல்லை. அந்த நோட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் பள்ளி அலமாரியில் வையுங்கள். இடமாறுதல் வந்தால் அடுத்து வரும் ஆசிரியரிடம் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அதிகாரியின் சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். சுற்றறிக்கையில் வந்தால் இதுவும் படிவமாகிவிடும். வரும் திங்கட்கிழமை கூட்டத்தில் "இன்றைய செய்திகள்" என்று பிள்ளை தாளைப் பிரிக்கும்போது, முதல் செய்தி உங்கள் ஊருடையதாக இருக்கட்டும். அதைப் பிள்ளையே எழுதியிருக்கட்டும்.

அன்புடன்,
அறிவொளிக் காலத் தொண்டர் ஒருவர்
புதுக்கோட்டை